நான்காம் மாதத்து வெயிலுக்கு எந்தச் சட்டம்?

2024-ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் சில மாத இடைவெளியில் வந்தன. மார்ச் மாதம், சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு ஒன்று பரவலாகப் பேசப்பட்டது. கடும் வெப்பத்தில் வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவும், குழந்தை இறந்து பிறப்பதும் ஏறத்தாழ இரண்டு மடங்கு அதிகம் என்றது அது. அக்டோபர் கடைசியில் தமிழக அரசு, வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் ஒருவர் இறந்தால், குடும்பத்துக்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து 4 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். நான்கு மாதக் கர்ப்பத்தோடு சித்திரை வெயிலில் உப்பு வாரும் ஒரு பெண்ணுக்கு இந்த அறிவிப்பு என்ன தருகிறது? அவர் இறந்துபோனால் குடும்பத்துக்குப் பணம் வரும். அவர் பிழைத்து, கருவை மட்டும் இழந்தால் வராது. அந்த நிலை வராமல் தடுக்க, அன்று காலை அவரை வீட்டில் இருக்கச் சொல்லி, அன்றைய கூலியையும் கொடுக்க ஏதாவது சட்டம் இருக்கிறதா?

இந்தக் கட்டுரை அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றியது. பதிலுக்குப் போகும் முன் அடிப்படைகள் சிலவற்றைப் பார்த்துவிடலாம்.

முதலில் சில சொற்கள்

காலநிலை மாற்றத்துக்கு அரசுகள் செய்யக்கூடியவற்றை இரண்டாகப் பிரிப்பார்கள். கரிம வாயுக்கள் காற்றில் சேர்வதைக் குறைப்பது ‘தணிப்பு’. சூரிய மின்சாரம், மின்சாரப் பேருந்து எல்லாம் அதில் வரும். ஏற்கெனவே வந்துவிட்ட, இனியும் வரப்போகிற பாதிப்போடு மக்கள் உயிரோடும் உடல்நலத்தோடும் வாழ வழி செய்வது ‘தகவமைப்பு’. புயல் காப்பகம், வெப்ப எச்சரிக்கை, வெள்ளத்தில் மூழ்காத ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவை இதில் சேரும். நம் கேள்வி முழுக்க இரண்டாவதைச் சேர்ந்தது.

‘வெப்ப அலை’ என்பது வெறும் வருணனை அல்ல, அதற்கு அளவு உண்டு. இந்திய வானிலைத் துறையின் கணக்குப்படி சமவெளியில் குறைந்தது 40 டிகிரி செல்சியஸ், கடலோரத்தில் குறைந்தது 37 டிகிரி தொட வேண்டும். அதோடு, அந்த இடத்தின் இயல்பான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அப்போதுதான் அது வெப்ப அலை. சமவெளியில் 45 டிகிரியைத் தொட்டால் மட்டும் இந்த ஒப்பீடு இல்லாமலே வெப்ப அலை.

மூன்றாவது சொல் கொஞ்சம் கரடுமுரடானது: ஈரக்குமிழ் கோள வெப்பநிலை. நிழலில் தொங்கும் சாதாரண வெப்பமானி, காற்றின் சூட்டை மட்டுமே சொல்லும். இந்த அளவோ ஈரப்பதம், நேரடி வெயில், காற்றோட்டம் மூன்றையும் சேர்த்து, ஒரு மனித உடல் எவ்வளவு திணறும் என்று சொல்கிறது. தூத்துக்குடியில் 35 டிகிரி என்று செய்தியில் வரும் நாளில் புழுக்கம் ஏன் தாங்க முடியவில்லை என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியும், ஆனால் ஆவியாகாது.

வயிற்றுக்குள் நடப்பது

கர்ப்ப காலத்தில் பெண்ணின் உடல் இயல்பாகவே அதிகச் சூட்டை உண்டாக்குகிறது. வளர்சிதை மாற்றம் கூடுகிறது, எடை கூடுகிறது, ரத்தத்தின் அளவு ஏறத்தாழப் பாதியளவு உயர்கிறது, இதயம் கூடுதலாக உழைக்கிறது. வயிற்றில் இருக்கும் சிசுவால் வியர்க்க முடியாது. தன் சூட்டை நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் அது குளிர்ந்துகொள்கிறது. அதனால்தான் சிசுவின் உடல் எப்போதும் தாயைவிட அரை டிகிரி போலக் கூடுதல் சூட்டில் இருக்கிறது. தாயே சூடாகிவிட்டால் இந்த வடிகால் அடைபடுகிறது.

அதோடு, சூடேறும் உடல் ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பிக் குளிர்விக்கப் பார்க்கும். தோலுக்குப் போகும் ரத்தம் கூடினால் நஞ்சுக்கொடிக்குப் போவது குறையலாம். நீர் வற்றினால் கருப்பை முன்கூட்டியே சுருங்கத் தொடங்கலாம். சிறுநீர்த் தொற்றும் சேர்ந்துகொண்டால் குறைப்பிரசவத்துக்கு வழி திறக்கிறது. ரத்தசோகை இருக்கும் பெண்ணுக்கு இவை எல்லாமே ஒரு படி கூடுதல் ஆபத்து. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேர் ரத்தசோகை உள்ளவர்கள்.

ஆய்வுகள் சொல்வது:

1. 2020-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு, உலகெங்கும் நடந்த 70 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. வெப்பநிலை ஒரு டிகிரி கூடும்போது குறைப்பிரசவத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 5 சதவீதமும், வெப்ப அலை நாட்களில் 16 சதவீதமும் கூடியது. இறந்து பிறப்பதற்கான வாய்ப்பும் டிகிரிக்கு 5 சதவீதம் என்ற அளவில் கூடியது.

2. மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் வயலில் வேலை செய்யும் 92 கர்ப்பிணிகளை, அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே சோதித்தார்கள். 2022-இல் முடிவு வெளியானது. வெப்ப அழுத்தக் குறியீடு ஒரு டிகிரி ஏறினால் சிசுவின் திணறல் 17 சதவீதம் கூடியது. திணறல் என்றால் இதயத் துடிப்பு எகிறுவது, தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் குறைவது. தாயின் உடல் திணறலைத் தனியே கழித்துக் கணக்கிட்டும் சிசுவின் மீதான தாக்கம் பெருமளவு மிஞ்சியது. அதாவது, தாய்க்கு மயக்கமோ தலைசுற்றலோ வராத நாளிலும் குழந்தை உள்ளே தவிக்கக்கூடும்.

3. 2017-இல் தொடங்கிய சென்னை ஆய்வு, தமிழ்நாட்டின் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்தது. ஏறத்தாழப் பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் வெயிலிலும் சூட்டிலும் உழைப்பவர்கள். மற்றவர்கள் பள்ளி, மருத்துவமனை போன்ற ஓரளவு குளிர்ச்சியான இடங்களில் இருப்பவர்கள். முதல் பிரிவில் 5 சதவீதம் பேருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது, இரண்டாவது பிரிவில் 2 சதவீதம் பேருக்கு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெயிலில் வேலை செய்தால் கரு நிச்சயம் கலையும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. பெரும்பாலான பெண்களுக்குக் குழந்தை நல்லபடியாகவே பிறக்கிறது. ஆய்வுகள் சொல்வது, ஆபத்து கூடுகிறது, அந்தக் கூடுதல் ஆபத்து பெரும்பாலும் ஒரே வகைப் பெண்கள் தலையில் விழுகிறது என்பதுதான். கொள்கை வகுப்பவர்களுக்கு இந்த இரண்டாவது பாதி முக்கியம்.

உப்பளத்தில் ஒரு முற்பகல்

உப்பளத்தில் வேலை பொழுது விடியும் முன்பே தொடங்கிவிடும். பாத்திகளில் விளைந்த உப்பை வாரிக் கரையில் குவிக்க வேண்டும். குவித்ததைச் சுமந்து போய்க் கொட்ட வேண்டும். சுமப்பது பெரும்பாலும் பெண்கள். பொழுது ஏறும்போது மேலிருந்து வெயில், கீழே வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம். கடலோரம் என்பதால் ஈரக் காற்று. கண்ணுக்கெட்டும் தூரம் வரை ஒரு மரம் இருக்காது. மரம் இல்லை என்றால் நிழல் மட்டுமல்ல, மறைவும் இல்லை.

கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் என்ன செய்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். வந்த சிறுநீரை அடக்குவார்கள். வெளியே எடுத்துச் சொல்வதற்கும் கூசுவார்கள். மேலே சொன்ன நீர் வற்றுதல், தொற்று, முன்கூட்டிய வலி என்ற சங்கிலியின் முதல் கண்ணி வெயில் என்றால், இரண்டாவது கண்ணி இந்தக் கழிப்பறை. கர்ப்பிணிக்கு ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று அறிவுரை சொல்லும் சுவரொட்டி, கழிப்பறை இல்லாத பாத்தி ஓரத்தில் ஒரு பயனும் தராது.

செங்கல் சூளையில் நிலைமை வேறு மாதிரி. அங்கே முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பமாக வந்து தங்குகிறார்கள். கூலி, அறுக்கும் கல்லின் எண்ணிக்கைக்கு. மனைவி உட்கார்ந்துவிட்டால் குடும்பத்தின் கணக்கில் கல் குறையும், முன்பணம் தீராது. ‘நான் கர்ப்பமாக இருக்கிறேன், கடினமான வேலை வேண்டாம்’ என்று அவர் யாரிடம் போய்க் கேட்பது? இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் ‘கோரினால்’ என்று ஒரு சொல் வரப்போகிறது.

வெயில் மட்டுமல்ல

புயலும் வெள்ளமும் வேறு விதமாகத் தாக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. சாலையும் பாலமும் அறுந்த பகுதிகளில் பிரசவ வலி வந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரை விமானப்படை ஹெலிகாப்டர் மொட்டை மாடியிலிருந்து தூக்கி மீட்டது. பிறகு அவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. எல்லா மாடிக்கும் ஹெலிகாப்டர் வராது.

கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறுவது மெதுவான, கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. வங்கதேசத்தின் குல்னா மாவட்டம் தாக்கோப் பகுதியில் நடந்த ஆய்வுகள், உப்பேறிய குடிநீரைக் கர்ப்பகால ரத்தக் கொதிப்போடு தொடர்புபடுத்தின. கர்ப்பகால ரத்தக் கொதிப்பு முற்றினால் வலிப்பு வரும், தாயின் உயிருக்கே ஆபத்து. கொசுவால் வரும் காய்ச்சல்கள் இன்னொரு பெரிய அத்தியாயம். இங்கே அதற்குள் போகவில்லை.

கையில் இருக்கும் சட்டங்கள்

1. அரசமைப்புச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, நியாயமான, மனிதத்தன்மையுள்ள பணிச்சூழலுக்கும் பேறுகால உதவிக்கும் அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. பணிச்சூழலையும் பேறுகாலத்தையும் ஒரே வரியில் வைத்திருக்கிறார்கள். ஆனால் இது வழிகாட்டும் நெறி. இதை மட்டும் வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போக முடியாது.

2. பிரசவகாலப் பயன் சட்டம், 1961. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு. இதன் 4-ஆவது பிரிவுதான் நமக்கு முக்கியம். கடினமான வேலை, நெடுநேரம் நிற்கும் வேலை, கருச்சிதைவு உண்டாக்கக்கூடிய வேலை ஆகியவற்றை, கர்ப்பிணி கோரினால், முதலாளி கொடுக்கக் கூடாது. 2025 நவம்பரில் இந்தச் சட்டத்தின் இடத்தில், 2020-இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. இதே விதிகள் அதிலும் இடம்பெற்றிருக்கின்றன. இங்கே 1961 சட்டத்தின் பிரிவு எண்களையே சொல்கிறேன்.

3. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013. அரசு ஊழியர்களும், வேறு சட்டப்படி இதேபோன்ற பயன் பெறுவோரும் தவிர, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது 6,000 ரூபாய் பேறுகால உதவி என்று உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இதைத் தாண்டி, ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய் அளவுக்குத் தருகிறது.

4. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. ஒன்றிய அரசின் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், ஆலங்கட்டி மழை, குளிர் அலை என 12 பேரிடர்கள் இடம்பெற்றன. 2024-இல் வெப்ப அலை அதில் இல்லை. மாநிலங்கள் தங்கள் நிவாரண நிதியில் 10 சதவீதம் வரை, தாங்களே அறிவிக்கும் பேரிடருக்குச் செலவிடலாம். தமிழக அரசின் 2024 அறிவிப்பு இந்த வாசல் வழியாக வந்ததுதான்.

5. வெப்பச் செயல்திட்டங்கள். 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத்தில் 1,300-க்கும் மேற்பட்ட கூடுதல் இறப்புகள் நேர்ந்த பிறகு, 2013-இல் அந்த நகரம் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. பிறகு பல மாநிலங்களும் நகரங்களும் பின்பற்றின. இவை சட்டம் அல்ல, திட்டங்கள். தில்லியின் கொள்கை ஆராய்ச்சி மையம் 2023-இல் இப்படிப்பட்ட 37 திட்டங்களைப் படித்துப் பார்த்தது. பெரும்பாலானவற்றுக்குச் சட்ட அடித்தளமோ போதிய நிதியோ இல்லை. யார் அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்று முறையாக மதிப்பிட்டவை இரண்டே இரண்டு.

பட்டியல் நீளமாகத்தான் இருக்கிறது. அப்படியும் நம் உப்பளப் பெண் இதில் எங்கேயும் வந்து நிற்கவில்லை.

ஏன் வரவில்லை?

முதல் காரணம் காலக்கணக்கு. 1961 சட்டத்தின் 4-ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு எப்போது தொடங்குகிறது? பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரங்களும், அதற்கும் முந்தைய ஒரு மாதமும். கூட்டினால் ஏறத்தாழ பத்து வாரம். ஏழாம் மாதத்துக்குப் பிறகுதான் சட்டம் கண் விழிக்கிறது என்று பொருள். கருச்சிதைவு என்பதோ முதல் ஐந்து மாதங்களில் நேர்வது. ‘கருச்சிதைவு உண்டாக்கக்கூடிய வேலை’ என்று சட்டமே எழுதியிருக்கிறது. ஆனால் கருச்சிதைவு நேரும் மாதங்களில் அந்தப் பிரிவு செயல்படாது.

அதே சட்டத்தின் 9-ஆவது பிரிவைப் பார்த்தால் மனம் கனத்துப்போகும். கருச்சிதைவு ஆனபின், சான்று காட்டினால், ஆறு வாரச் சம்பள விடுப்பு உண்டு. இழந்த பிறகு ஓய்வு. இழக்காமல் இருக்க, உடல்நலக் குறைவு வரும் முன்பே நான்காம் மாதத்தில் ஒரு வாரம் ஓய்வு கேட்டால் அதற்குப் பிரிவு இல்லை.

இரண்டாவது காரணம், சட்டம் யாரைத் தொழிலாளி என்று பார்க்கிறது என்பது. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, நிறுவனம் ஆகியவற்றை வைத்து எழுதப்பட்ட சட்டம் இது. வயலுக்கும் சூளைக்கும் ஒப்பந்தக்காரருக்கும் பெரும்பாலும் இது எட்டுவதில்லை. தினக்கூலிப் பெண்களுக்கும் பேறுகாலப் பயன் உண்டு என்று 2000-ஆவது ஆண்டில் தில்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பெரிய கதவைத் திறந்தது, உண்மை. ஆனால் அங்கே முதலாளி மாநகராட்சி என்று அடையாளம் காட்ட முடிந்தது, பெயர்ப் பதிவேடு இருந்தது. இன்று ஒரு வயல், நாளை இன்னொரு வயல் என்று போகிறவருக்கு முதலாளி யார்? அப்புறம் அந்த ‘கோரினால்’. முன்பணம் தீராத சூளையில் கோருவது என்பது வேலையை விட்டுப் போகிறேன் என்று சொல்வதற்குச் சமம்.

மூன்றாவது காரணம் வரையறை. கடலோரத்தில் 37 டிகிரியும், இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலும் வந்தால்தான் வெப்ப அலை. ஒவ்வொரு கோடையிலும் வழக்கமாகக் கொளுத்தும் ஊரில், வழக்கமான கொளுத்தல் வெப்ப அலை ஆகாது. எல்லா வருடமும் சூடாக இருப்பதாலேயே அது பேரிடராகத் தெரிவதில்லை. காம்பியா ஆய்வு கண்ட தாக்கமோ, இப்படி அறிவிக்கப்படாத சாதாரண வேலை நாட்களில் ஒவ்வொரு டிகிரிக்கும் சேர்ந்துகொண்டே போனது. எச்சரிக்கை வராத நாளிலும் கர்ப்பிணிக்கு ஆபத்து உண்டு. எனவே கர்ப்பிணிக்கான பாதுகாப்பைப் பேரிடர் அறிவிப்போடு கட்டிப்போட்டால், அது பல நாட்கள் பூட்டியே கிடக்கும்.

நான்காவது பணம். என் பார்வையில் மற்ற மூன்றையும்விட இது பெரியது. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ரொக்கமாக வருவது 14,000 ரூபாய். நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது 35 நாள் கூலி. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6,000 என்பது 15 நாள். கோடை மூன்று மாதம், கர்ப்பம் பத்து மாதம். இந்தத் தொகைகள் ஊட்டச்சத்துக்கும் மருத்துவமனைப் பிரசவத்துக்கும் உதவ வந்தவை, அந்த வேலையை நன்றாகவே செய்திருக்கின்றன. 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்குப்படி உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 பேர். ஆனால் வெயில் நாளில் கூலிக்குப் பதிலாக நிற்க வேண்டும் என்று அந்தத் தொகை கணக்கிடப்படவில்லை. கூலி போகும் என்றால் எந்த எச்சரிக்கையையும் யாரும் கேட்கமாட்டார்கள். அதை அறியாமை என்று சொல்வது அநியாயம்.

நீதிமன்றங்களும் உலக அமைப்புகளும்

2010-இல் தில்லி உயர் நீதிமன்றம், மருத்துவமனை திருப்பி அனுப்பிய ஏழைக் கர்ப்பிணிகளின் வழக்கில், பேறுகால மருத்துவ உதவி என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின் வாழும் உரிமைக்குள் வரும் என்றது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கானமயில் பறவை தொடர்பான வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை 14, 21 ஆகிய பிரிவுகளில் அடங்கியிருக்கிறது என்றது. ஒன்று கர்ப்பிணியைப் பற்றியது, மற்றது பறவையையும் மின்கம்பியையும் பற்றியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெயிலில் உழைக்கும் கர்ப்பிணிக்காக ஒரு வழக்கறிஞர் வாதாடினால் அடித்தளம் உறுதியாகவே இருக்கும்.

இதற்கு முன்மாதிரி ஒன்றும் உண்டு. 2024 ஏப்ரலில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சுவிட்சர்லாந்தின் மூதாட்டிகள் சங்கம் தொடுத்த வழக்கில் அந்த நாட்டு அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வெப்ப அலை வயதான பெண்களைத் தனியாகத் தாக்குகிறது என்பதுதான் அவர்கள் வைத்த வாதத்தின் மையம். 

பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாடுகளையும் ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1993-இல் இணைந்தது. அதன் 11-ஆவது பிரிவு, கர்ப்பிணிகளுக்குத் தீங்கு தரும் என்று நிறுவப்பட்ட வேலைகளில் அவர்களுக்குச் சிறப்புப் பாதுகாப்பு தர வேண்டும் என்கிறது. அந்த வரி எழுதப்பட்ட காலத்தில் ரசாயனமும் கதிர்வீச்சும்தான் மனதில் இருந்திருக்கும். இன்று வெப்பத்துக்கும் சான்றுகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. ஆனால் நாடுகளின் காலநிலைத் திட்டங்களில் இந்த விஷயம் இன்னும் ஓரத்தில்தான். ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2023-இல் 119 நாடுகளின் திட்டங்களைப் பார்த்தபோது, கருத்தடை, தாய்நலம், பச்சிளங்குழந்தை நலம் பற்றிய சேவைகளைக் குறிப்பிட்டவை 38 மட்டுமே.

எதை மாற்றினால் பலன் வரும்?

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு நல்ல அனுபவம் இருக்கிறது. 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்த துணிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும். நாற்காலி என்பது சின்னப் பொருள். அதைச் சட்டமாக்கும் வரை அது கிடைக்கவில்லை. நிழல், தண்ணீர், கழிப்பறை மூன்றையும் அதேபோல எழுத முடியும். நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடத்தில் குடிநீரும் நிழலும் இருக்க வேண்டும் என்று அப்போதே சொன்னது. உப்பளத்துக்கும் சூளைக்கும் அதை நீட்ட, புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை.

வேலையை நிறுத்தும் அளவுக்கும் முன்மாதிரி உண்டு. நம் ஊர்க்காரர்கள் பலர் வேலைக்குப் போகும் கத்தாரில், 2021 விதிப்படி ஈரக்குமிழ் கோள வெப்பநிலை 32.1 டிகிரியைத் தாண்டினால் வெளிவேலை நிற்க வேண்டும். அந்த விதி எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பது வேறு கேள்வி. ஆனால் எண்ணை வைத்துச் சட்டம் எழுத முடியும் என்பது உறுதி. கர்ப்பிணிக்கு அந்த எண் இன்னும் கீழே இருக்க வேண்டும். பத்து வாரம் என்ற கணக்கை மாற்றி, கர்ப்பம் பதிவான நாளிலிருந்தே 4-ஆவது பிரிவைத் தொடங்க வேண்டும். ‘கோரினால்’ என்ற சொல்லையும் திருப்பிப் போட வேண்டும். இலகுவான வேலை தருவது முதலாளியின் கடமை என்று இருக்கட்டும். அதோடு, கர்ப்பிணி என்று காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்துவதைத் தடுக்கும் வரியும் சேர்ந்தே வர வேண்டும். இல்லாவிட்டால் பாதுகாப்பு என்ற பெயரில் கூலி பறிபோகும்.

கூலி இழப்புக்கு குஜராத்திலிருந்து ஒரு பாடம் இருக்கிறது. சேவா என்ற சுயதொழில் பெண்கள் சங்கம், 2023-இல் 21,000 உறுப்பினர்களுக்கு வெப்பக் காப்பீடு தொடங்கியது. உப்பளப் பெண்களும் அதில் உண்டு. வெப்பநிலை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பணம் தானாகவே வங்கிக் கணக்குக்கு வரும். மருத்துவச் சான்று, விசாரணை எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு இது ராஜஸ்தான், மகாராஷ்டிரத்துக்கும் பரவி 50,000 பெண்களை எட்டியது. தொகை சிறியதுதான். ஆனால் எண்ணைப் பார்த்ததும் பணம் நகரும் அந்த ஏற்பாட்டைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் விடாமல், மகப்பேறு நிதியுதவியோடு ஒரு கோடைத் தவணையாக அரசே சேர்க்கலாம்.

மருத்துவமனைக் கட்டடங்களுக்கு அகமதாபாத்தைப் பார்க்கலாம். அங்கே ஒரு மருத்துவமனையில் பிரசவப் பிரிவு மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேல் தளத்தில் இருந்தது. 2010 வெப்பத்தில் பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் சூட்டுக் காய்ச்சலோடு தீவிர சிகிச்சைக்கு வந்தார்கள். பிரிவைக் கீழ்த் தளத்துக்கு மாற்றினார்கள். வெப்பம் காரணமாகத் தீவிர சிகிச்சைக்கு வரும் குழந்தைகள் 64 சதவீதம் குறைந்ததாக ஆய்வு சொன்னது. கட்டில்களைக் கீழே இறக்கியதில் வந்த பலன் அது. நம் அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு வார்டு எந்தத் தளத்தில், எந்தத் திசை வெயிலைப் பார்த்து இருக்கிறது என்று ஒரு கணக்கெடுப்பு நடத்த ஒரு கோடை போதும்.

புயல் விஷயத்தில் நமக்குக் கற்றுத்தர ஒடிசா இருக்கிறது. 2024 அக்டோபரில் தானா புயல் வந்தபோது அங்கே 4,400-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை முன்கூட்டியே சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பிரசவ தேதி நெருங்கியவர்கள் யார், எந்த ஊர் என்ற பட்டியல் கையில் இருந்ததால் அது முடிந்தது. அந்தப் பட்டியல் தமிழ்நாட்டிலும் உண்டு. ஒவ்வொரு கர்ப்பமும் அரசின் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண்ணோடு பதிவாகிறது. நம் சுகாதாரத் துறையும் புயல் வரும்போது அதை எடுத்துப் பார்த்து நிறைமாதப் பெண்களை இடம் மாற்றுகிறது.

வெயிலுக்கும் அதே பட்டியல்தான் வேண்டும், ஆனால் அதன் மறு முனை. ஒன்பதாம் மாதத்தில் இருப்பவர்களோடு மூன்றாம், நான்காம் மாதத்தில் இருப்பவர்களையும் பார்க்க வேண்டும். அதற்குக் கிராம சுகாதார செவிலியர் முதல் பதிவின்போது எடையும் ரத்த அழுத்தமும் குறிக்கும் அதே கையோடு இன்னும் நான்கைக் கேட்டு எழுதினால் தொடங்கிவிடலாம். எங்கே வேலை? எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? அங்கே ஒதுங்க நிழல் இருக்கிறதா? கழிப்பறை இருக்கிறதா?